கடைசிக் கண்ணி

மூன்றாவது முறையும் நூல் ஊசிக் காதில் நுழையாமல் மடங்கிக்கொண்டது. கெனெண்டல் அதை எச்சில் தொட்டு மறுபடியும் முறுக்கினாள். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்தவள், ஊசிக் காது இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"குடுங்க, நான் கோத்துத் தரேன்" என்றாள் ஃபுரூமா.

"நீ தொடாதடி. செத்தவரோட மக சவத்துணியில கை வைக்கிற வழக்கம் நம்ம ஊர்ல கெடையாது."

வெள்ளைத் துணி வெட்டிய மேனிக்கு மேசையில் கிடந்தது. அடுத்த அறையில், குளிப்பாட்டிய உடம்பாக, வைக்கோல் மேல் ஃபுரூமாவின் அப்பா, தையல்காரர் ஷ்ரகா. விடியலில் போனவர். ஊரெங்கும் காய்ச்சல். தைத்து வைத்திருந்த சவ உடைகள் தீர்ந்துபோயின. இறந்தவர்களுக்கு உடை தைக்கும் அடக்கச் சபைப் பெண்களில் எழுந்து உட்கார முடிந்தவள் கெனெண்டல் ஒருத்திதான்.

ஜன்னலில் பனியின் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்களுக்கு ஓய்வுநாள். அப்புறம் ஊசி எடுக்கக் கூடாது, மண் தள்ளக் கூடாது.

"ஆகாது பொண்ணே, பொழுதுக்குள்ள கையால தைச்சு முடியாது" என்றார் சபைத் தலைவர் யோனா. அவரும் தையல்காரர்தான். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எங்கப்பா ஒரு தையல் போட்டு நீங்க பாத்திருக்கீங்களா? அவரையா ஓய்வுநாள் பூரா தரையில போட்டு வைக்கச் சொல்றீங்க?"

ஃபுரூமா மூலைக்குப் போய்ச் சாக்கை உருவினாள். அப்பாவே செய்த மரத் தையல் இயந்திரம். காலை ஜெபம் முடியாமல் அவர் இதன் சக்கரத்தைத் தொட்டதில்லை.

"இதுலயா?" யோனாவின் குரல் ஏறியது. "இதுல தைச்சுப் போட்டா மேல போய் அம்மணமாத்தான் நிப்பாரு. லைசர் கல்யாணத்தை மறந்துட்டியா?"

யார் மறப்பார்கள்? மணப்பந்தலின் கீழ் யாரோ வேடிக்கையாக ஒரு நூலை இழுக்க, மாப்பிள்ளைக் கோட்டின் கை கழன்று விழுந்தது. இந்த இயந்திரம் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகத் தைக்கும்; கடைசிக் கண்ணியை முடிச்சிடாவிட்டால் இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். அதை முடிச்சிட அப்பா மறந்திருந்தார். அதன் பிறகு தையல்காரர்களின் ஜெபக்கூடத்தில் அவர் இடம் கதவோரத்துக்குப் போனது. வாடைக்காற்றில் உட்கார்ந்து, ஒரு நாள் தவறாமல் ஜெபித்தார். நூலை இழுத்தது யாரென்று ஃபுரூமாவுக்குத் தெரியும். அவர் இப்போது அவள் எதிரேதான் நின்றிருந்தார்.

"யோனா ஐயா, சவத்துணியில முடிச்சு இருக்கலாமா?"

"கூடாது. கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"இந்த இயந்திரம் முடிச்சே போடாது. அதுக்குத்தானே இத்தனை வருஷமா சிரிச்சீங்க?"

கெனெண்டல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நியாயம்தானே யோனா."

"நியாயம்னா நீயே மிதி."

"எங்காலு என்னையே தாங்க மாட்டேங்குது. இவ தொடக் கூடாது. வேற தையல்காரன் இங்க யாரு, பூனையா?"

தெருக்கோடியில் ஜெபக்கூடக் காவலர் மரச்சுத்தியால் கதவுகளைத் தட்டத் தொடங்கினார்: கடை அடையுங்கள், விளக்கேற்றத் தயாராகுங்கள்.

யோனா கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முதல் மிதியிலேயே நூல் அறுந்தது.

"கடிக்குது இது!"

"உதைக்காதீங்க. தொட்டில் ஆட்டுற மாதிரி மிதிங்க" என்றாள் ஃபுரூமா.

கொக்கி ஊசி இறங்கி ஏறியது. சட்டைக்கை வளர்ந்தது. கால்சட்டை முடிந்தது. சுத்தியல் சத்தம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது.

"இவ்வளவு நேராவா வரும்?" என்றார் யோனா, தலை நிமிராமல். "எங்கிட்டக் காட்டலையே."

"தூக்கிட்டு வந்தாரு. நீங்கதான் கதவைச் சாத்தினீங்க."

சக்கரம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

அங்கியின் கீழோரம் முடிந்ததும், வாழ்நாள் பழக்கத்தில் அவர் விரல்கள் நூலை வளைத்துக்கொண்டு போயின.

"முடிச்சுப் போடாதீங்க!"

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். நுனி தொங்கியது.

"போற வழியில இது எங்கயாவது மாட்டி இழுத்துச்சுன்னா?"

ஃபுரூமா அவரையே பார்த்தாள். கெனெண்டல் கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். எதிர்வீட்டுக் கதவில் சுத்தியல் விழுந்தது.

உடுத்தியதும், சபை ஆண்கள் பாடையைத் தூக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கூரை விளிம்பில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. பெண்கள் வாசலோடு நின்றார்கள். கால்மாட்டில் யோனா, ஒரு கை தோளிலிருந்த கம்பில், மறு கை பாடையை மூடிய கறுப்புத் துணிக்குள்ளே, அங்கியின் ஓரத்தில் தொங்கிய நூல் நுனியைப் பிடித்தபடி. திருப்பத்தில் பனி வழுக்கியது. அவருடைய மென்மயிர்த் தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது.

அதை எடுக்க அவர் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.