எண்பத்தொன்பதாவது நிமிடம்

எங்கள் கால்பந்துத் தொழிலில் ஆளை இரவல் கொடுப்பார்கள். என் கிளப்புக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன், ஆனால் ஒப்பந்தம் மே மாதம் வரை இருந்தது. இன்னொரு ஊர் கிளப்பின் பயிற்சியாளர் இடது பக்கத் தடுப்புக்கு ஆள் வேண்டும் என்று கேட்க, ஒரு சீசனுக்கு என்னைத் தூக்கிக் கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முன், ஆகஸ்டில், ஒரு கோப்பை ஆட்டத்தின் கடைசியில் நான்கு நிமிடம் இறக்கிவிட்டார்கள். வழியனுப்பு மரியாதை போலிருக்கிறது என்று நானும் மகிழ்ச்சியாகக் கையசைத்துவிட்டு வந்தேன்.

வந்த மூன்றாவது வாரம், என்னைக் கேட்டு வாங்கிய பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர் தனக்குப் பழகிய இடது பக்க ஆட்டக்காரரையும் கையோடு கூட்டி வந்தார். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. இந்தக் கதையில் எறிந்தவளும் நான்தான், சேலையும் நான்தான்.

கிளப் கொடுத்த வீடு மூன்றாவது மாடியில், ஒரு டயர் கடைக்கு எதிரே. எனக்கு முன்னால் அங்கே இருந்தவரும் இரவல் ஆள்தானாம். அவருடைய அரை பாட்டில் ஷாம்பூ குளியலறையில் இருந்தது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. வாசல் கதவு வெளியிலிருந்து சுலபமாகத் திறக்கும். உள்ளே இருந்து திறக்கத்தான் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஒரு மணிக்கு வீடு திரும்பினால் அப்புறம் வேலை இல்லை. ஜன்னலில் உட்கார்ந்து டயர் மாற்றுவதைப் பார்ப்பேன். வரிசையில் கிடந்த டயர்களுக்குக்கூட முறை வந்தது.

கிளப்பில் உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் முப்பத்து நான்காம் எண் சட்டையை எடுத்து மாட்டி வைப்பார். ஆட்டம் முடிந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, துவைக்கும் கூடையில் போடாமல் அப்படியே மடித்து உள்ளே வைத்துவிடுவார். என்னை அவர் விருந்தாளி என்றுதான் கூப்பிடுவார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க. நீங்க அஞ்சு மாசத்தைத் தாண்டிட்டீங்களே" என்பார். அவர் கேலியில் விஷம் கிடையாது. ஆனாலும் ஒருநாள் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே கூடையில் எறிந்தேன். அன்று முழுக்க என் மீதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாற்று ஆளாக உட்கார்ந்திருப்பதும், ஓரக்கோட்டின் பக்கத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு ஓடுவதும்தான் என் ஆட்டம். அங்கே ஓடிய தூரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன். வீடு என்றால் ஏழு மணி நேர ரயில் தூரம். மனைவி அங்கே இருந்தாள், ஆறு மாத வயிற்றோடு. குழந்தை ஏப்ரலில். அதற்கு முன் எப்படியாவது இங்கிருந்து கழன்று, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் காலை ஊன்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு. சீசன் நடுவில் கிளப்புகள் ஆளை மாற்றிக்கொள்ள இருக்கும் ஒரே வழி ஜனவரி. அது மாதக் கடைசியில் மூடிவிடும்.

ஜனவரி மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை, என் ஏஜெண்ட் போன் செய்தார். ஏதோ ஒன்று கூடி வருகிறது, இப்போதைக்கு விவரம் கேட்க வேண்டாம் என்றார். "ஒண்ணே ஒண்ணு. யார்கிட்டயும் எதுவும் கேட்காதீங்க. சும்மா இருங்க, அது போதும்" என்றார். ஐந்து மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போய்விடாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆட்டத்துக்கு மனைவியும் மாமனாரும் வருவதாக இருந்தது. இதற்குப் பிறகு பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அவளுக்கு இது ஒரே வாய்ப்பு. மாமனார் கூட வருவதுதான் எனக்கு உறுத்தியது. பெண் கேட்டுப் போன அன்றே, பந்து உதைப்பதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்டவர் அவர். இந்த ஐந்து மாதமும் மகளிடம் தவறாமல் விசாரித்தாராம், மாப்பிள்ளை இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறாரா என்று. உட்கார்ந்திருப்பதை நேரில் வேறு பார்க்கப்போகிறார்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன், காலணிகளைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பயிற்சியாளரைத் தனியாகப் பிடித்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மனைவி மாசமாக இருக்கிறாள் என்றேன், மாமனார் வந்திருக்கிறார் என்றேன், ஐந்து நிமிடம் போதும் என்றேன். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை, பத்து வருடம் இதில் சோறு தின்றவன், கைகட்டி நின்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையசைத்தார்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். இரண்டுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம். பயிற்சியாளர் விரலைச் சொடுக்கினார். பலகையில் முப்பத்து நான்கு ஒளிர்ந்தது. கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடுதல் நேரத்தையும் சேர்த்துக் கிடைத்த மூன்று நிமிடமும் பந்து எதிர்ப்பக்கமே கிடந்தது. ஒரே ஒரு தடவை எங்கள் பக்கம் கோட்டுக்கு வெளியே போனது, நான் ஓடிப்போய் எடுத்து எறிந்தேன். அடுத்து விசில். ஆக, அந்தக் கிளப்புக்காக நான் பந்தைக் கையால்தான் தொட்டேன்.

வெளியே மனைவி என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ஓடுவதைப் படம் எடுத்திருந்தாள். பாதிப் படத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தொப்பி. மாமனார் என் தோளில் கை வைத்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிக் கை வைத்ததில்லை. "நல்லா எறிஞ்சீங்க மாப்பிள்ளை" என்றார். கேலி இல்லை, மனசாரத்தான் சொன்னார். உடுப்புப் பெரியவர் என் சட்டையை முகர்ந்துகூடப் பார்க்காமல் நேராகக் கூடையில் போட்டார். ஞாயிறு காலை இரண்டு பேரையும் ரயில் ஏற்றிவிட்டு வீடு வரை நடந்தே வந்தேன். அவ்வளவு இலேசாக இருந்தது.

திங்கள் காலை ஏஜெண்ட் போன் செய்தார். குரலே சரியில்லை. சனிக்கிழமை ஆடினீர்களா என்று கேட்டார். மூன்று நிமிடம் என்றேன், பெருமையாக.

பிறகு நிதானமாகச் சொன்னார். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் கிளப் ஒன்று என்னைக் கேட்டிருந்தது. அங்கே இடது பக்க ஆட்டக்காரருக்குக் கால் முறிவு. இந்த வாரமே போய் முதல் ஆட்டத்திலேயே இறங்கியிருக்கலாம். ஆனால் ஒரு சீசனில் ஒருவன் இரண்டு கிளப்புக்குத்தான் ஆட முடியும், மூன்றாவதற்கு முடியாது. ஆகஸ்டில் அந்த நான்கு நிமிடம் ஒன்று. சனிக்கிழமை மூன்று நிமிடம் இரண்டு.

"சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்கு வழி திறந்துதான் இருந்துச்சு. சும்மா இருங்கன்னுதானே சொன்னேன்" என்றார்.

ஏன் காரணத்தைச் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் விஷயம் வெளியே போய்விடும் என்று பயந்தாராம். தவளை தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். பயிற்சியாளரின் அறைக்குப் போனேன். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அந்த நான்கு நிமிடம் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க கேட்டீங்க, பாவமா இருந்துச்சு, இறக்கினேன். இல்லேன்னா இறக்கியிருக்கவே மாட்டேன்" என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பழைய கிளப்புக்கும் திரும்ப முடியாது, அங்கே என் எண்ணை வேறொருவனுக்குக் கொடுத்தாகிவிட்டது. மே மாதம் வரை நான் இந்தக் கிளப்பின் சொத்து, இந்த டயர் கடை ஜன்னலின் சொத்து.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். எனக்கு முன்னால் அவள் ஆரம்பித்துவிட்டாள். மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் மாமனார் போனை நீட்டி, தொப்பி மறைத்த அந்தப் படத்தைக் காட்டினாராம், என் மருமகன் என்று. அவர் இதுவரை யாரிடமும் என் தொழிலைச் சொன்னதில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஏங்க, இனிமே உங்களை வேற எங்கேயாவது தூரமா அனுப்பிட மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க. அனுப்ப முடியாது" என்றேன்.

"அப்பாடா" என்றாள்.

சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிட்டது. அவள் காலண்டரைக் கையில் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, தாள் புரளும் சத்தம் கேட்டது. ஏப்ரலில் மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி சனிக்கிழமையாம்.

"ஆட்டத்தை விட்டுட்டு ஓடி வந்துடாதீங்க. இப்பதான் உங்களை இறக்க ஆரம்பிச்சிருக்காங்க. அப்பா இருக்காரு, நான் பார்த்துக்கறேன்."

சரி என்றேன்.