வழவழப்பான வால்

தாண்டிக்குடிக் காப்பிக் கிடங்கில் பிடித்த இரண்டு பல்லிகளும் எங்கள் ஆய்வகத்தில், எரிசாராயப் புட்டியில் இருந்தன. புதிய இனம் என்று என் ஆய்வு வழிகாட்டி டிக்சன் சார் நம்பினார். அவரிடம் இருந்த ஒரே சான்று வால். இந்த மலையில் ஏற்கெனவே தெரிந்த பல்லிக்கு வாலில் சிறு முட்கள் உண்டு, எங்களுடையதற்கு இல்லை. அளந்து எழுதியது நான். வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போக வேண்டும். அதில் இரண்டாவது பெயர் என்னுடையது.

உயிருள்ள பல்லியின் நிறத்தைப் படமெடுக்க வியாழன் காலை மறுபடி கிடங்குக்குப் போனேன். அடைக்கலமேரி அக்கா காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, செவுத்தையே பாக்குற?”

“பல்லிக்கா. வால் வழுவழுன்னு இருக்குமே, அது.”

அவர் சிரித்துவிட்டார். “அது அறுந்து மொளச்ச வாலு! எலிக்குன்னு நாலு பூனை வளக்குறோம். எலியப் பிடிக்குதோ இல்லையோ, பல்லி வால விடாதுக. இங்க பொறந்த வாலோட ஒண்ணு கெடக்கட்டும், வேளாங்கண்ணிக்கு மொட்ட போடுறேன்.”

திரும்ப முளைக்கும் வாலில் முள் வராமல் போகலாம். தேர்வில் எழுதியிருக்கிறேன். புட்டியில் இருந்தவற்றில் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

“பூனை போகாத எடம் இருக்காக்கா?”

“ஓடைப் பாறைக்குப் போ. வெரசாப் போ, வெயில் ஏறுனா இடுக்குக்குள்ள போயிரும்.”

ஒன்றைப் பிடித்தேன். முழு வால். நுனிவரை முட்கள்.

டிக்சன் சாரை அழைக்கும் முன் மூன்று முறை போனை எடுத்து வைத்தேன். பிறகு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப வால் போச்சா?”

“ஆமா சார். பூனை தின்னுருச்சு.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப இது பழைய இனந்தான்.”

கையிலிருந்த பல்லியை மல்லாத்தினேன். வாலடியில் இரு பக்கமும் புடைப்பு. ஆண். தெரிந்த இனத்தின் ஆணுக்குத் தொடையில் துளைகள் வரிசையாக இருக்கும். லென்சை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

புட்டியில் இருப்பவற்றுக்கும் துளை இல்லை. அதனால்தான் இரண்டையும் பெண் என்று எழுதியிருந்தேன்.

“சார், புட்டியத் தொறங்க.”

“எதுக்கு?”

“வாலடியப் பாக்கணும். பொண்ணுன்னு எழுதுனதும் தப்பா இருக்கலாம்.”

மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு இடுக்கி கண்ணாடியில் தட்டியது.

“தமிழ்மதி,” என்றார். “ரெண்டும் ஆணு. ஆணுக்கே தொளை இல்ல, அப்ப இது புது இனந்தான். நாளைக்கு அனுப்பல. வெரசா வா, முதல்லேர்ந்து எழுதுவோம்.”