ராட்சதனின் உள்ளங்கால்

இளைய மருமகள் செய்த களிமண் ராட்சதன், அடித்தட்டு எதுவும் இல்லாமல், வலது கால் பெருவிரல் நுனியை மட்டும் சாப்பாட்டு மேசையில் ஊன்றிப் பல வருடம் நின்றான். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியபோதும் நின்றான். வாசலில் லாரி போய் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தபோதும் நின்றான். ஒரு முழ உயரம், தோளில் ஒரு மரத்தடி, ஓடுகிற வேகத்தில் முன்னால் சாய்ந்த உடம்பு. அப்படி ஒரு பொம்மை நிற்கவே கூடாது என்று அந்த வீட்டில் திட்டவட்டமாகத் தெரிந்தவள் மூத்த மருமகள். தெரிந்திருந்ததுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

அந்த ஊரில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஒரு போர்மேசைச் சங்கம் இருந்தது. விடுமுறை நாள்களில் தலை நரைத்த ஆட்கள்கூட அங்கே கூடி, அட்டை மலைகளுக்கு நடுவே பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட்டார்கள். சிறிய பொம்மைகளால் தொல்லை இல்லை. சிறகு விரித்த நாகம், போர் யானை, ராட்சதன் மாதிரியான பெரிய உருப்படிகள்தான் யாராவது மேசையை இடித்தால் குப்புற விழும்; கை உடையும்; பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகமான இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகவே பெரிய பொம்மைக்கு நல்ல அடித்தட்டு வேண்டும். அதைச் செய்ய அந்த ஊரில் மூத்தவளை விட்டால் ஆள் இல்லை. பாதத்தில் துளை போட்டு எஃகுக் கம்பியைக் கணுக்கால் தாண்டி ஏற்றுவாள். பொம்மை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்டின் அடியில் ஈயம் பதிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் பதிப்பவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். மேலே மட்டும் பசையும் மணலும் பூசினால் பலகை காயும்போது வளைந்துகொள்ளும் என்பதால், யாரும் பார்க்காத கீழ்ப்பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுப்பாள். சங்கத் தலைவரான பல் டாக்டர் தேய்ந்த டிரில் ஊசிகளை அவளுக்கென்றே எடுத்து வைத்தார். "அண்ணி கை பட்டா பூகம்பத்துலயும் அசையாது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொண்டே அவள் ஒரு வாரத்துச் சமையலை முடித்துவிடுவாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். அவளுக்குக் களிமண் பிசையவும் வர்ணம் பூசவும் வந்தது. முதல் வேலையாக அந்த ராட்சதனைச் செய்து, ஈரம் காய்ந்ததும் மூத்தவளிடம் எடுத்து வந்தாள்.

"அக்கா, இதுக்கு ஒரு தட்டு செஞ்சு தர்றீங்களா?"

"விரல் நுனியில நிக்கிற மாதிரி செஞ்சா எவ நிறுத்துவா? போயி ரெண்டு காலையும் தரையில வச்சுச் செஞ்சுட்டு வா."

இளையவள் முகம் சுண்டிப்போய், கையைத் துடைத்துக்கொள்வதற்காக ராட்சதனை மேசையில் வைத்தாள். மூத்தவள் அப்போதுதான் அதன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். மூச்சிரைக்கிற முகம். மூக்குநுனியில் வியர்வைகூட இருந்தது. வந்து மூன்று மாதம் ஆகாதவளுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று அவள் வயிற்றில் குப்பென்று பற்றிக்கொண்டது. இளையவள் கையை எடுத்தாள். ராட்சதன் நின்றான்.

அதற்குப் பிறகு மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. பல் டாக்டர் வந்து மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிரில் ஊசிகளைக் கொடுக்க மறந்து அப்படியே போனார். சங்கத்தில் சிலர் இனி தட்டே தேவையில்லை என்று வீராப்பாகப் பேசி, மூக்குடைந்த நாகங்களோடு பின்வாசல் வழியாக அவளிடம் வந்தார்கள். வேலை குறையவில்லை, பேச்சுதான் குறைந்தது. அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள், உங்கள் ஓரகத்தி இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் கதவுகளை அறைந்து சாத்தினாள். ஈரத்துணியால் மேசையை வேண்டுமென்றே முரட்டுத்தனமாகத் துடைத்தாள். காலையில் கண் விழித்ததும் பல் துலக்காமல் வந்து, விழுந்துவிட்டதா என்று பார்த்தாள். அது அவளைப் பார்த்து ஓடி வருகிற மாதிரியே நின்றது.

தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று அவள் ஒரு வாரம் வெளியூர் போனபோது குட்டு உடைந்தது. ராட்சதன் இடப்பக்கம் சாயத் தொடங்கினான். இளையவள் பதறி உப்பு ஜாடியை முட்டுக் கொடுத்தாள். மூத்தவள் பையோடு வீட்டுக்குள் நுழைந்து, அது இன்னும் விழவில்லையா என்று ஒரு பார்வை பார்த்ததுதான் தாமதம், ராட்சதன் ஜாடியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

"உன் வயித்தெரிச்சல்தான் அதுக்கு முட்டு" என்றார் அவள் கணவர், உப்பைக் கூட்டி அள்ளியபடி.

சங்கம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. ராட்சதன் ஆட்டத்துக்குப் போகிற நாள்களில் மேசைக்கு எதிரே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். வேறு சிலரும் முறைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. வெறும் பொறாமை போதாது; கம்பி எங்கே ஏற வேண்டும், ஈயம் எங்கே அமர வேண்டும் என்று தெரிந்த பொறாமை வேண்டும். தன் எரிச்சலே எதிராளிக்கு ஊழியம் செய்கிறது என்பது மூத்தவளை இன்னும் எரித்தது. ராட்சதன் இன்னும் உறுதியாக நின்றான். பொறாமையை விட்டுத் தொலைத்தால் விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? விட்டுப் பார்த்தாள். அது விடுகிற சாமானாக இல்லை.

வருடாந்திரக் கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நாற்காலி போதாமல், அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி ஸ்டூலைப் போட்டார்கள். உட்கார்ந்ததும் அவள் கண் மேசை விளிம்புக்கு வந்தது. தூக்கிய குதிகாலுக்கு அடியில், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, ராட்சதனின் உள்ளங்கால் தெரிந்தது. குதிகாலில் வெடிப்பு இருந்தது. வெடிப்புக்குள் காய்ந்த சேறு இருந்தது. நடுப்பாதத்தில் ஒடிந்த முள் ஒன்று, சுற்றிலும் லேசான சிவப்பு. யாரும் குனிந்து பார்க்காத இடம். அடிப்பாவி, இங்கேயுமா பூசி வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். பலகையின் கீழ்ப்பக்கம் பூசுகிற தன் கை அவளுக்கு நினைவு வந்தது. அவ்வளவுதான், ராட்சதன் சரிந்தான். மடியில் ஏந்திவிட்டாள், மரத்தடி மட்டும் உடைந்தது.

இளையவள் ஓடி வந்தாள். "எங்க பாத்துட்டிருந்தீங்க?"

"அதைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்பறம் எப்படி விழுந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடி. அதான் விழுந்துச்சு."

இளையவள் நம்பவில்லை. சங்கமும் நம்பவில்லை. பொறாமைப்பட்ட வருடங்களில் நாற்காலி போட்டவர்கள், அந்தப் பொறாமை போன அன்றைக்குத்தான் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றது. மூத்தவள் யாரும் கேட்காமலே டிரில்லை எடுத்தாள். பெருவிரல் வழியாகக் கம்பியை முழங்கால்வரை ஏற்றினாள். தட்டின் பின்பாதியில், வீட்டிலிருந்த ஈயத்தையெல்லாம் பதித்தாள். தூக்கிய குதிகாலுக்கு அடியில் தெளிந்த பிசினை ஊற்றி ஒரு மழைக்குட்டை செய்தாள். நின்றபடி பார்த்தாலே அந்தக் குட்டையில் வெடிப்பும் சேறும் முள்ளும் தெரிந்தன.

சங்கத்தில் அதை வைத்ததும் கூட்டம் கூடியது. பல் டாக்டர் குட்டையில் விரலை வைத்து, நனையவில்லை என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணி, என்ன தட்டு இது! தட்டா இது!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராட்சதனைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் குனிந்து தண்ணீரையே பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள் இளையவள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. சொல்லி முடிக்குமுன் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த உதட்டை மூத்தவளுக்குக் கண்ணாடியில் பார்த்துப் பழக்கம்.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில், அவ்வளவு ஈயத்தையும் சுமந்துகொண்டு, அடித்தட்டு மேசையிலிருந்து ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. இளையவள் எதிரே உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, அந்தக் குட்டையையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளின் கணவர் கையைத் தட்டுக்கு அடியில் விட்டு, அந்தப் பக்கம் இருந்த உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டார். மூத்தவள் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து, தட்டைத் தொடாமல், அதன் அடியில் மெல்ல விட்டுத் துடைத்தாள். மேசையை அவள் அத்தனை நிதானமாகத் துடைத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.