வர முடியாத நாட்கள்

மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மோகனா மடிக்கணினியின் மூலையில் மணி பார்த்தாள். ஐந்தே கால். தங்கா பத்து கிராமத்து வீட்டின் கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. சிலி நாட்டு மலையுச்சியில், எட்டு மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் இரண்டு இரவுகள் கேட்கும் விண்ணப்பம் அது. கேட்பவர்கள் ஏராளம், பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைப்பதே பெரிய விஷயம். எந்த நட்சத்திரம், ஏன் அது, ஏன் இப்போதே என்று பக்கம் பக்கமாகக் குடைந்துவிட்டு, கடைசியில் ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஒரு கேள்வி: உங்களால் வர முடியாத நாட்கள் எவை?

மற்றவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். தேர்வு நாள், தங்கை கல்யாணம், இப்படி ஏதாவது இருக்கும். மோகனா மூன்று நாளாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்ட நட்சத்திரம் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை மங்கும். தூசி சூழ்ந்த துணை நட்சத்திரம் ஒன்று அதன் குறுக்கே கடந்துபோக எட்டு நாள் ஆகும். அந்த எட்டு நாளில் ஒளியைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்தத் தூசி எதனால் ஆனது என்று தெரியும். போன முறை அவள் ஆராய்ச்சி மாணவி. பேராசிரியர் வாங்கித் தந்த இரண்டு இரவும் மேகம். இந்த முறை நவம்பர் ஒன்பதிலிருந்து பதினாறு வரை. இதையும் விட்டால் அடுத்த வாய்ப்பு வரும்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு.

அப்பா நல்லமுத்துவுக்கு நுரையீரலில் புற்றுநோய். போன மாதம் டாக்டர் அவளையும் தம்பி கிஷனையும் தனியாகக் கூப்பிட்டு, தீபாவளி வரைக்கும் இருப்பார், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார். இந்த வருடம் தீபாவளி நவம்பர் எட்டு.

விண்ணப்பித்தவரே நேரில் வந்து உட்கார வேண்டும் என்பது அந்த மலையில் விதி. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஒதுக்கிய இரவை மாற்றித் தர மாட்டார்கள். நவம்பர் முழுக்க முடியாது என்று எழுதினால் ஆறு வருட உழைப்பு இங்கேயே முடிந்தது. எழுதாமல் விட்டால் அப்பாவின் கடைசி மூச்சின்போது அவள் பூமியின் மறுபக்கத்தில் இருப்பாள். அதைவிட அவளை வதைத்தது எழுதுகிற காரியம்தான். பக்கத்தில் உயிரோடு படுத்திருக்கும் மனுஷனுக்குத் தன் கையால் தேதி குறிப்பதா?

கைப்பேசி அடித்தது. கிஷன், சுங்கை ஊடாங்கில் வேலையிடத்திலிருந்து.

“இன்னும் என்னக்கா யோசிக்கிற? நவம்பர் முழுக்க முடியாதுன்னு போட்டுரு லா.”

“அப்படிப் போட்டா இந்த அப்ளிகேஷனே வேஸ்ட்டுடா.”

“வேஸ்ட்டுன்னா விடு லா. நட்சத்திரம் எங்க ஓடிறப் போவுது?”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். தம்பி மேல் கோபம் வந்தது. அப்பா சாகும்போது பக்கத்தில் இருக்கவும் வேண்டும், அந்த இரண்டு இரவும் வேண்டும் என்று ஒரே மனம் இரண்டையும் கேட்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“டாக்டர் நல்லமுத்து எழுதி முடிச்சாச்சா?”

அப்பா விழித்துவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் கேலிக்குக் குறைச்சலில்லை. படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் மோகனா அப்பா பெயரைத்தான் போடுவாள். அதனால் வெளிநாட்டுக் கடிதமெல்லாம் அன்புள்ள டாக்டர் நல்லமுத்து என்றே வரும். எண்ணெய் ஆலையில் இருபது வருடம் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அதில் ஒரு குஷி.

“இன்னும் ஒரு கேள்வி இருக்குப்பா.”

“என்ன கேக்குறான்?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. “எந்தெந்த நாள் வர முடியாதுன்னு கேக்குறாங்க.”

“லீவு கேட்டு நெரப்புற போராங் மாதிரி. ஒன் நட்சத்திரம் எப்ப?”

“நவம்பர். ஒம்போதுலேர்ந்து பதினாறு வரைக்கும்.”

அப்பா விரலை மடக்கி எண்ணினார். “தீவாளி முடிஞ்சு,” என்றார். “டாக்டரும் அந்தக் கணக்குதான சொன்னாரு?”

மோகனா மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். “ஒங்களுக்கு யாருப்பா சொன்னா?”

“கிஷன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?” அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “எட்டாந்தேதி மட்டும் முடியாதுன்னு போடு. தீவாளிக்கு வீட்ல இருக்கணும். மத்த நாளெல்லாம் நான் கவர் பண்ணிக்கிறேன்.”

அது ஷிப்டுக்காரர்களின் பேச்சு. நோன்புப் பெருநாளான ராயாவுக்கு மலாய்க்கார நண்பர்களின் முறையை அப்பா பார்ப்பார். தீபாவளிக்கு அப்பாவின் முறையை அவர்கள் பார்ப்பார்கள். கையெழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். ஒரு ராயாவுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு புறப்பட்டவரை அம்மா வாசலில் மறித்தபோது, கவர் பண்றேன்னு சொல்லிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மோகனா அன்று பள்ளிச் சீருடையில் நின்று பார்த்தாள்.

“அது நம்ம கையில இல்லப்பா,” என்றாள். அழுகையை மறைக்கவில்லை.

“காலண்டர எடுத்துட்டு வா. பேனாவும்.”

அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த தமிழ் மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து நவம்பரைத் திருப்பினாள். வேலையில் இருந்த காலத்தில் தன் ஷிப்டு நாளிலெல்லாம் அப்பா தன் பெயரின் முதலெழுத்தான ‘ந’ போட்டு வைப்பார். இப்போது எட்டாம் தேதியைத் தாண்டி ஒன்பதில் பேனாவை வைத்தார். ஒரு எழுத்துக்கு மூன்று இழுப்பு. பத்து. பதினொன்று. மோகனா தாள் ஆடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கட்டத்தில் நவம்பர் 8 என்றும், போகிற வழிக்கு 9, 10 என்றும் தட்டி அனுப்பினாள். மணி ஐந்தே முக்கால்.

பதின்மூன்றில் மூச்சு வாங்கியது. “போதும்பா,” என்றாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, நின்று நின்று பதினாறு வரை வந்தார். அதோடு முடித்துவிடுவார் என்று நினைத்தாள்.

“திரும்பி வர எத்தன நாளு?”

“ரெண்டு நாளுப்பா.”

அப்பா பதினேழாம் தேதிக் கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினார்.