மை பூசிய கை

பக்கத்துக் குடிசை நீலாம்பாள் ஒரு புட்டி பேனா மையைத் தங்கையனின் வெந்த இடது கையில் கவிழ்த்தாள். அதன்மேல் தேங்காய் நார் சுட்ட சாம்பலைத் தூவினாள்.

"மை ஊத்துனா கொப்புளம் போடாது, அம்சம். எத்தனை பேருக்குப் பாத்திருக்கேன்."

கொப்புளம் அதற்கு முன்பே போட்டு உடைந்திருந்தது. தங்கையனின் பெண்சாதி அம்சத்துக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாரங்கபாணி பண்ணையின் களத்தில் வைக்கோல் போர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. இவன் அந்தப் பக்கமிருந்துதான் வெந்த கையோடு ஓடி வந்தான். எப்படி என்று கேட்டதற்கு, "கேக்காத" என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தை மாதம் அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார். புது ஆட்சி வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று ஓட்டுக் கேட்க வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இப்போது போர் எரிந்ததும் போலீஸ் லாரி நேராகக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் கீழத்தெருவுக்குத்தான் வந்தது. தங்கையன் வாய்க்கால் ஓர மூங்கில் கொத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்; இருட்டிய பிறகுதான் குடிசைக்குத் திரும்பினான்.

சங்கத்து அரசப்பன் வந்து அம்சத்திடம் சொன்னான். "கை வெந்தவன்தான் தீ வச்சவன்னு எழுதிடுவானுங்க, தங்கச்சி. ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

அம்சம் தலையாட்டினாள். ஆனால் அரசப்பனுக்கும் தங்கையன் தீ வைத்தானா இல்லையா என்று தெரியாது என்பது அவன் பார்வையிலேயே இருந்தது. கட்டின புருஷனைப் பற்றி ஊரானுக்குத் தெரிந்த அளவுதான் தனக்கும் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ போல் ஆயிற்று.

முதலில் தங்கையன் எரிச்சலில் துடித்தான். பிறகு எரிச்சல் அடங்கியது. மையும் சாம்பலும் சேர்ந்து கையின்மேல் பொருக்குப் பிடித்தது. "காஞ்சிடுச்சு பாத்தியா" என்றாள் நீலாம்பாள். அம்சத்துக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, கை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றான். ஆறுகிற புண் மறுபடி ஏன் வலிக்கிறது? குடிசைக்குள் ஒரு நாற்றம் வந்தது. கூரையில் எலி செத்துக் கிடக்கிறது என்று கீற்றையெல்லாம் தூக்கிப் பார்த்தாள். எலி இல்லை. குனிந்து கையை முகர்ந்தாள். பொருக்கின் ஓரத்தை விரலால் அமுக்கியதும் அடியிலிருந்து மஞ்சளாகச் சீழ் வழிந்தது.

நீல நிறத்துக்கு அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தாள். புண்ணைச் சுற்றிக் கொதித்தது. புண்ணே இல்லாத முழங்கைக்கு மேலேயும் கொதித்தது, வீங்கி விறைத்திருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. உடம்பெல்லாம் ஜுரம். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மத்தியானம் அவளைப் பார்த்து, "ஆத்தா" என்று செத்துப்போன தன் தாயைக் கூப்பிட்டான். "எரியட்டும், நல்லா எரியட்டும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவுத்து விடு, அவுத்து விடு" என்று கத்தினான். எரியட்டும் என்கிறவன் எதை அவிழ்த்துவிடச் சொல்கிறான்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் இந்த ஆள் இப்படியே கிடந்தால் பிழைக்க மாட்டான் என்பது மட்டும் புரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடிக் கிளம்பியவளை அரசப்பன் தெருமுனையில் வழிமறித்தான். "போலீஸ் போகட்டும், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க."

"அண்ணே, அந்தக் கையை ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

அரசப்பன் உள்ளே வந்து தொட்டான். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டான். வெளியே போய், ஆஸ்பத்திரி இருக்கும் குத்தாலத்துக்குப் போய்க்கொண்டிருந்த தவிட்டு வண்டியை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லியாகத் அலி புண்ணைப் பார்த்ததும், "மை யாரும்மா ஊத்துனது? தோலோட நிறமே தெரியலையே" என்றார். கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். மேல்கையின் உட்புறத்தில், மை படாத இடத்தில், சிவப்பாக ஒரு கோடு அக்குளை நோக்கி ஏறியிருந்தது. "விஷம் மேல ஏறிடுச்சு. எப்படி வெந்துச்சு?"

"தீயிலங்க."

"எந்தத் தீ?"

"தெரியலைங்க." அவள் சொன்னது நிஜம்தான். அழுகை வந்தது.

"சரி, அது வேண்டாம். எப்ப வெந்துச்சு, என்னென்ன போட்டீங்க, அதைச் சொல்லு."

அதையெல்லாம் சொன்னாள். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரால் நர்ஸ் பொருக்கை ஊற வைத்தாள். டாக்டர் செத்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். ரத்தம் கசியும் செந்தசை தெரிந்த பிறகுதான் கத்திரியைக் கீழே வைத்தார். மருந்துத் துணி போட்டுக் கட்டினார்கள். தோலில் துளி மருந்து குத்திப் பார்த்து, ஒத்துக்கொண்டதும் பென்சிலின் ஊசி போட்டார்கள். இசிவு நோய் வராமலிருக்க இன்னொரு ஊசி. நரம்பில் சலைன் ஏறியது.

"வெந்ததும் பச்சைத் தண்ணியை ரொம்ப நேரம் ஊத்தியிருந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் டாக்டர். "சீழ், நாத்தம், சுத்தி வீக்கம், ஜுரம், இதுல ஒண்ணு வந்தாலே கூட்டிட்டு வந்துடணும். பெனாத்துற வரைக்கும் வச்சிருக்கக் கூடாது."

ஊசி தொடர்ந்தது. சிவப்புக் கோடு மங்கியது. ஜுரம் இறங்கிய காலையில் தங்கையன், "அம்சம்" என்று சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அன்று கேட்டே விட்டாள்.

"நீயாய்யா வச்சே?"

"நான் இல்ல. ஆனா பத்தட்டும்னு பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மனசு குளுந்துச்சு. அப்புறம் தீ மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாஞ்சுச்சு. கட்டிப்போட்ட மாடு கத்துச்சு பாரு... கால் எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல."

"இதைச் சொல்றதுக்கு என்னய்யா?"

"யாருகிட்ட? சங்கத்துல சொன்னா, பண்ணை மாட்டுக்காகக் கையைச் சுட்டுக்கிட்டவன்னு ஏசுவாங்க. பண்ணையில சொன்னா, அங்க நின்னியே, வச்சவன் யாருன்னு கேப்பாங்க."

அம்சத்துக்கு அவனை மெச்சுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. தலைமாட்டில் இருந்த விசிறியை எடுத்து வேகவேகமாக வீசினாள்.

போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். மாடுகளை அவிழ்த்துவிட்டது இவன்தான் என்று பண்ணை மாட்டுக்காரனே சாட்சி சொல்லிவிட்டானாம். வைத்தவன் யார் என்று கேட்டதற்குத் தங்கையன், "புகையில ஒண்ணும் தெரியலைங்க" என்றான். அவர் போனதும் பண்ணையிலிருந்து ஒரு செம்பு பால் வந்தது. அப்போது அரசப்பன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான். மூவரும் செம்பைப் பார்த்தார்கள். பால், முட்டை கொடுத்தால்தான் புதுத் தோல் வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்சம் டம்ளரில் ஊற்றித் தங்கையன் வாயில் வைத்தாள். அரசப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கை ஆறியது. சுண்டுவிரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. கூலி கொஞ்சம் கூடியது. கேட்ட அளவுக்கு இல்லை. குறுவைக்கு நாற்றுப் பறிக்க அவன் இறங்கியபோது பண்ணையார் வரப்பில் நின்று, "கை எப்படிடா இருக்கு?" என்றார். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த சங்கத்து ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கையன் குனிந்தபடியே நாற்றுமுடியைச் சேற்றுத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான்.