அவர் போயிட்டார்

அலுவலகத்தில் அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் அவளுக்குத் தெரியும். மூன்று வரிக் கடிதத்தை மூன்று தடவை படிப்பாள். தலை போகிற அவசரம் என்று யாராவது குதித்தால், "தலை இருக்கான்னு முதல்ல பார்ப்போம்" என்பாள். பார்க்கிற வேலை அப்படி. போலீஸ் காவலில் ஒருவர் செத்தாலும், போலீஸ் சுட்டு ஒருவர் விழுந்தாலும், போலீஸ்காரர்களே விசாரித்து, எங்கள் மேல் தப்பில்லை என்று தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூத்து போதும் என்றுதான் இந்தத் தனி அலுவலகத்தைத் திறந்தார்கள். இங்கே சீருடைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. ஆறு பேர், ஒரு பழைய கார், எட்டு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். அவள் பதினொரு வருஷமாக இங்கே விசாரணை அதிகாரி. அவளுக்கென்று ஒரு விதி உண்டு: கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

அன்று காலை பத்து மணியிலிருந்து அவள் மேஜைக்கு எதிரே ஒரு தையல்காரி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடிவந்திருந்தாள். அவளுடைய அண்ணன் சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவர். முந்தின நாள் மதியம், ஈரம் காயாத கோட்டின்மேல் ஒரு போலீஸ் ஜீப் ஏறிப் போயிருக்கிறது. மனிதர் சும்மா இருப்பாரா?

"கண்ணு என்ன பின்னாடியா இருக்குன்னு கேட்டுட்டாரு மேடம். அதுக்குத்தான் பிடிச்சு உள்ள போட்டாங்க. நேத்துலேருந்து பார்க்கவே விடல. ஸ்டேஷன் எங்கன்னு நான் யாரையும் கேட்கக்கூட இல்ல. ரோட்டுல வெள்ளையா டயர் தடம் இருந்துச்சு, அது பின்னாலயே நடந்து போனேன்."

நிதானத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்று பத்துக்கு உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் குப்புற வைத்துவிட்டு, தையல்காரியைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

அதே ஸ்டேஷனிலிருந்து வந்த கடிதம். விசாரணைக்கு அழைத்துவரப்பட்ட சாலைக்கோடு தொழிலாளி, இன்று காலை பத்து நாற்பதுக்கு மருத்துவமனையில் மாரடைப்பால் காலமானார். உடலில் காயங்கள் ஏதும் இல்லை.

நிதானம் அதை மூன்று தடவை படித்தாள். போன வருஷம் இதே ஸ்டேஷன் ஒரு மரணத்தைச் சொல்ல நாலு நாள் எடுத்துக்கொண்டது. அதற்காக இந்த அலுவலகம் அவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. இன்றைக்கு அரை மணி நேரத்தில் கடிதம் வந்திருக்கிறது. எதிரே இருந்தவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம்? அண்ணனைப் பத்தியா?"

பொய் சொல்ல நிதானத்துக்கு மனசு வரவில்லை. "ஒரு லெட்டர் வந்திருக்கும்மா. நல்ல லெட்டர் இல்ல. ஆனா நான் நேர்ல பார்க்காம எதையும் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைத்தாங்கலாகத்தான் காரில் ஏற்ற வேண்டியிருந்தது. வழி முழுக்க டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள். நிதானம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டிரைவரைப் பார்த்து, "கொஞ்சம் வேகமாப் போங்க" என்றாள்.

பிணவறை வாசலில் ஸ்டேஷன் ரைட்டர் கையில் காகிதக் கட்டோடு நின்றிருந்தார். ஸ்டேஷனில் எழுத்து வேலையெல்லாம் அவர் பொறுப்பு. அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"மேடம், இந்தத் தடவை பார்த்தீங்களா, உடனே சொல்லிட்டோம்! இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

"உடம்பு எங்க?"

"வந்துடும் மேடம்."

பிணவறை ஊழியர் தன் நோட்டைப் புரட்டினார். "காலைலேருந்து என்கிட்ட ஒருத்தரும் வரலையே. செத்தவங்க வேற எங்க போவாங்க? எனக்கென்ன போட்டிக்கடையா இருக்கு?"

தையல்காரி சட்டென்று தலையைத் தூக்கினாள். நிதானம் ரைட்டர் பக்கம் திரும்பினாள். "அவர் இறந்துட்டார்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"வார்டு நர்ஸ்தான் மேடம். காவலுக்குப் போட்ட கான்ஸ்டபிள் போனை எடுக்கல. அதனால வார்டுக்கே அடிச்சு, எங்க ஆளு எப்படி இருக்காருன்னு கேட்டேன். 'அவர் போயிட்டார்'னு சொன்னாங்க. பத்து நாற்பதுக்கு."

நிதானம் மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். நடந்தாள் என்பதுகூடத் தப்பு, ஓடினாள். தையல்காரி அவளுக்கு முன்னால் ஓடினாள்.

வார்டு நர்ஸ் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். "கோடு போடறவரா? ஆமா, போயிட்டாரே. எக்ஸ்ரே எடுக்கப் போயிட்டார். அப்பவே போன்ல சொன்னேன், முழுசாக் கேட்காம வெச்சுட்டாங்க."

அதற்குள் தாழ்வாரக் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எக்ஸ்ரே ரூமுக்கு வழி காட்டத்தான் தரையில இந்த மஞ்சக் கோட்டைப் போட்டிருக்கீங்களா? இது என்னய்யா, பாம்பு போன தடம் மாதிரி இருக்கு? எந்தப் புண்ணியவான் போட்டது?"

"எங்க அண்ணன் குரல்!" என்று தையல்காரி கத்திய கத்தலில் மாத்திரைகள் சிதறின. பாய்ந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு முதுகில் ரெண்டு வைத்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ? செத்துட்டேன்னு லெட்டர் வந்திருக்குடா பாவி!" என்று அழுதாள். அண்ணனை 'டா' போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"யாரு, நானா? எப்ப?" என்றார் அவர். அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. "கீழ விழுந்துட்டேன்னு சொல்லித்தான் இங்க சேர்த்தாங்க. கீழ விழலம்மா. லாக்கப்புல முறுக்கினாங்க."

மூச்சு வாங்கப் பின்னால் ஏறிவந்த ரைட்டர் அவரைப் பார்த்ததும் பேயறைந்ததுபோல் நின்றார். நிதானம் கடிதத்தைப் பிரித்தாள்.

"செத்துட்டார்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, சரி. மாரடைப்புன்னு நர்ஸ் சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"உடம்புல காயம் இல்லைன்னு யார் பார்த்தது?"

ரைட்டர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். "அது... வழக்கமா போடறதுதான் மேடம்."

'வழக்கமா' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடிக்கத்தான் பதினொரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் கோப்புகளைப் படித்திருந்தாள். அந்த ஸ்டேஷனிலிருந்து வந்த ஏழு கோப்புகள் அலமாரியில் இருந்தன. ஏழிலும் மாரடைப்பு, ஏழிலும் காயமில்லை. அந்த ஏழு வீட்டாரையும் வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க" என்றாள். கான்ஸ்டபிள் டீ குடித்துவிட்டு அப்போதுதான் திரும்பிவந்தார். அவரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தாள்.

பிறகு பக்கத்து அறையில் அண்ணன் தங்கையை உட்காரவைத்து வாக்குமூலப் படிவத்தை எடுத்தாள். இருந்தது இறந்தவரின் உறவினருக்கான ஒரே படிவம்தான், ஆள் உயிரோடு வந்து உட்காருவார் என்று அச்சடித்தவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. முதல் கேள்வியை அச்சில் இருந்தபடியே வாசித்தாள்.

"இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"

"ரொம்ப நெருங்கின உறவு மேடம்" என்றார் அவர். "நானேதான்."

நிதானம் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார். இந்தப் படிவத்துக்கு முன்னால் யாரும் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் கேள்வியைத் தையல்காரியிடம் கேட்டாள். எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து பழகிய கேள்வி.

"கடைசியாக அவரை உயிருடன் எப்போது பார்த்தீர்கள்?"

தையல்காரி அண்ணனின் நல்ல கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் மேடம். பார்த்துக்கிட்டே இருக்கேன்."

நிதானம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள். பகல் ஒன்று இருபது.