திங்கட்கிழமை மாத்திரை

திரையில் துடித்துக்கொண்டிருந்த கமலாக்ஷியின் இதயத்தை இரண்டாம் முறையாகப் பார்த்துவிட்டு, போன தடவையைவிட பலம் குறைந்திருக்கிறது என்றாள் டாக்டர். பக்கத்தில் நின்ற வெங்கிடாசலம், வாங்கிப்போன மின்விசிறி ஓடவில்லை என்று கடையில் முறையிடுகிறவர் மாதிரி கேட்டார். "நேக்கு வெச்ச அதே ஸ்டென்ட்தானே டாக்டர்? மருந்தும் அதேதான். பின்னே என் ஆத்துக்காரிக்கு மட்டும் எந்தா இப்படி?"

நியாயமான கேள்விதான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரு வருஷ இடைவெளியில் இதே ஆஸ்பத்திரியில்தான் அடைப்பை எடுத்தார்கள். அவருக்கு மாரடைப்பு வந்தது மட்டாஞ்சேரி கடைத்தெருவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்கும்படி. மிளகுக் கடைக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் போட்டு, பாலம் தாண்டி எறணாகுளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வந்ததோ தாடையில் ஒரு குடைச்சல், முதுகில் ஒரு பாரம். வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு அவியலுக்குக் காய் நறுக்கினாள். மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டிய பிறகுதான் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது, அவளுக்கும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. அவருக்கு ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி வகுப்பு, படகுத்துறை வரை காலை நடை, உப்பில்லாத குழம்பு, வேளா வேளைக்கு மாத்திரை. எல்லாவற்றுக்கும் அவள் இருந்தாள். அவளுக்கும் வகுப்புக்கு எழுதித்தான் கொடுத்தார்கள்; போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு யார்? இப்போது மாடியில் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

பெண்களுக்குச் சிகிச்சைக்கு அப்புறம் இப்படி ஆவதை நிறையப் பார்க்கிறேன், காரணம் எப்போதும் ஒன்றல்ல என்றாள் டாக்டர். பிறகு கமலாக்ஷி பக்கம் குனிந்து, காலை மருந்து சாப்பிட்டாளா என்று மலையாளத்தில் கேட்டாள். "அம்மே, இன்னு ராவிலே மருந்து கழிச்சோ?"

"இன்னிக்குத் திங்களாழ்ச்சையாக்கும்" என்றாள் கமலாக்ஷி. "விரதம். நாள் பூரா தீர்த்தம் மாத்திரம்தான். மருந்து ஆகாரத்துக்கு அப்பறம்னுதானே பறஞ்சிருக்கா?"

"எல்லா திங்களாழ்ச்சையுமோ?"

"ஏகாதசியும் உண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். இந்த மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது, ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், விட்டால் ஸ்டென்டுக்குள் மறுபடி ரத்தம் கட்டிவிடும் என்று கோபமும் பரிதாபமுமாகச் சொன்னாள்.

"யாரைக் கேட்டுண்டு இந்த விரதம்? யாருக்காகடீ?" என்றார் வெங்கிடாசலம்.

அவள் கண் அவருடைய நெஞ்சின் மேல் போய் நின்றது. அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று, மூடின கதவுக்கு வெளியே நின்று அவள் வேண்டிக்கொண்டது அது. பிழைத்து வந்தால் ஆயுசு பூரா திங்களும் ஏகாதசியும் அன்னம் தொடமாட்டேன் என்று. அவர் பிழைத்து வந்தார். கொடுத்த வாக்கை ஒரு மாத்திரைக்காக எப்படி முறிப்பது?

திரும்பும்போது ஆட்டோ பாலம் ஏறியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேக்கு வேண்டி நீ பட்டினி கிடக்க வேண்டாம். அடுத்த திங்களாழ்ச்சை நீ முதல்ல சாப்பிடு. நேக்கு அப்பறம் தந்தா மதி, அது போறும்" என்றார். அவர் மனசில் அது பெரிய விட்டுக்கொடுத்தல். அப்போதும் பரிமாறுவது தான்தான் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியது.

அந்தத் திங்கள் வந்தது. இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாத்திரை. கல்யாணமான நாள் முதல் அவர் சாப்பிடுவதற்கு முன்னால் அவள் எதையும் வாயில் வைத்ததில்லை. ஒரு துண்டு பிட்டுப் போட்டுக்கொண்டாள். இந்த ஒரு வாயால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஹாலில் பத்திரிகை புரளும் சத்தம்கூட இல்லை. விழுங்காமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பயமாக இருந்தது.

"கமலா! என் மருந்து எவிடே?"

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அலுப்பும் வந்தது, எலும்பு வரைக்கும். பழக்கத்தில் மேஜையில் கையூன்றிப் பாதி எழுந்தவள், மாத்திரையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"கமலா?"

அவள் மறுபடி உட்கார்ந்து, வாயிலிருந்ததை மெல்லத் தொடங்கினாள். தட்டில் மிச்ச இட்லியிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.